வாடகை வீட்டில் மூட்டைப்பூச்சி: பட்டவர்கள் பேசுகிறோம்

அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மூட்டைப்பூச்சி வந்து, பாடாய்ப் படுத்தி, ஒருவழியாகப் போய்த் தொலைந்தது. அதற்கப்புறம் மாடிப்படியில் பார்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கள் தளத்திலேயே வேறு வீடுகளிலும் இருந்திருக்கிறது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மருந்து அடித்திருக்கிறார்கள். நடுவில் நிற்கும் சுவரை அந்தப் பூச்சி ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

எங்களுக்கு அது மூட்டைப்பூச்சி என்று பிடிபடவே நாளானது. கணவருக்குக் கை, கழுத்தெல்லாம் தடிப்பு. எனக்கு ஒன்றுமே இல்லை. ஒரே கட்டில், ஒரே மெத்தை. தோல் மருத்துவர்தான் விளக்கினார்: கடித்தாலும் சிலர் உடம்பில் எந்த அடையாளமும் வராது. முதன்முறை கடிபட்டவர்களுக்குப் பல நாள் கழித்துக்கூடத் தடிப்பு வரும். தடத்தை மட்டும் பார்த்து இன்ன பூச்சி என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வரிசையாகக் கடி இருந்தால் மூட்டைப்பூச்சிதான் என்கிறார்களே, அதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

தேட வேண்டிய இடம் படுக்கைதான். மெத்தைத் தையல் ஓரத்தில் பேனா முனையால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் பழுப்பாக இழுபடும். அது அதன் கழிவு. கூடவே உரித்துப்போட்ட தோல், ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை முட்டை. வளர்ந்த பூச்சி தட்டையாக, செம்பழுப்பாக, 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். எங்கள் மெத்தையில் சொற்பம்தான். கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றியபோதுதான் உண்மை தெரிந்தது. ஸ்க்ரூ ஓட்டைக்குள் குடும்பத்தோடு இருந்தன.

ஒன்றை செல்லோடேப்பில் ஒட்டி எடுத்து வைத்தோம். அது பிறகு ரொம்பக் கைகொடுத்தது. வீட்டுக்காரர் முதலில் "கொசுவாக இருக்கும்" என்றார். டேப்பைக் காட்டியதும் "எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?" என்று கேள்வி மாறியது.

இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதுதான். மூட்டைப்பூச்சி இரத்தமே குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முன்னால் குடியிருந்தவர் விட்டுப்போனதாக இருக்கலாம். பயணப் பையில் ஏறி வந்திருக்கலாம். ஒயர் போகும் குழாய் வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்கலாம். கருவுற்ற பெண் பூச்சி ஒன்றே ஒன்று போதும். நாம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது நாளுக்கு 1 முதல் 5 முட்டை இட்டுக்கொண்டிருக்கும். 6 முதல் 10 நாளில் அவை பொரியும். முதலில் மருந்து அடிக்கட்டும், செலவு யாருடையது என்ற வழக்கை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் படம், தேதி, எழுத்தில் ஒரு புகார் வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னதை "எப்போது சொன்னீர்கள்?" என்று கேட்டுவிடுவார்கள். யார் செலவு என்பது ஊருக்கு ஊர், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். எங்கள் வீட்டுக்காரர் அசைந்தது பக்கத்து வீட்டம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான்.

* * *

நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். ஓர் அறையில் மட்டும் பூச்சி. அந்த அறைக்காரன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்கு வந்துவிட்டான். கொஞ்ச நாளில் சோபாவிலும் வந்துவிட்டது. அப்புறம் என் அறை. நாம் விடும் மூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடையும் உடல் சூட்டையும் வைத்துத்தான் அது ஆளைத் தேடுகிறதாம். ஆள் நகர்ந்தால் அதுவும் நகரும். போதாததற்குத் தலையணை, போர்வையோடு நாமே சுமந்தும் வந்துவிடுகிறோம்.

மருந்து அடிக்க வந்தவர் சொன்னது கேட்கக் கொடுமையாக இருந்தது. "அவரவர் கட்டிலிலேயே படுங்கள். இல்லாவிட்டால் வீடு முழுக்கத் தேட வேண்டியிருக்கும்." கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, போர்வை தரையில் படாமல் சுருட்டி, நான்கு கால்களுக்கும் கிண்ணப் பொறி (ஏற வரும் பூச்சி உள்ளே விழுந்து மாட்டிக்கொள்ளும் கிண்ணம்) வைத்துப் படுத்தோம். பூச்சிக்கு இறக்கை இல்லை, குதிக்கவும் வராது. ஏறினால் கால் வழியாகத்தான் ஏற வேண்டும்.

* * *

நான் பூச்சி மருந்து அடிக்கும் வேலையில் இருந்தவன். போகிற வீடெல்லாம் ஒரே கதை. எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் கடையில் கிடைப்பதையெல்லாம் அடித்துப் பார்த்திருப்பார்கள்.

பூச்சிமருந்துப் புகை கக்கும் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது சுத்த வீண். அந்தப் புகை மேலே பரவித் தரையில் படியும். பூச்சி இருப்பது இடுக்குக்குள். அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த டப்பாக்களைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். வீடுகளிலிருந்து பிடித்து வந்த பூச்சிகளில் பெரும்பாலானவற்றை அவை ஒன்றும் செய்யவில்லை. கடையில் விற்கும் ஸ்ப்ரேக்களில் நிறைய பைரெத்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை. தலைமுறை தலைமுறையாக அதற்குப் பழகிப்போன பூச்சிகள் இப்போது உலகம் முழுக்க இருக்கின்றன. இது புதுச் சங்கதியும் இல்லை. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்த புதிதில் அது மூட்டைப்பூச்சிக்கு எமன் என்றார்கள். ஹவாயில் 1947-லேயே அதற்கு மசியாத பூச்சிகள் கிளம்பிவிட்டன.

மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்பார்கள். இதை ஊற்றி நிஜமாகவே தீப்பிடித்த வீடுகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மெத்தையில் அடிக்கலாம் என்று டப்பாவில் போட்டிருந்தால் ஒழிய எந்த மருந்தையும் படுக்கையில் அடிக்காதீர்கள்.

உண்மையில் பூச்சி தாங்காதது சூடுதான். 50 டிகிரி செல்சியஸ் உள்வரை ஏறினால் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். நீராவிக் கருவி இருந்தால் தையல், பிளவு, பலகை இணைப்பு என்று மெதுவாக நகர்த்த வேண்டும். அவசரமாக ஓட்டினால் மேல்பாகம்தான் சுடும். காற்று வேகமாக வரும் முனை வைத்தால் பூச்சியை ஊதி வேறு இடத்துக்கு அனுப்பிவிடும். டயட்டம் மண் எனும் பொடியும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூசினால் போதும். குவித்து வைத்தால் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும், மூச்சில் ஏறி உங்களுக்குத்தான் இருமல். ஒலி எழுப்பி விரட்டும் கருவி என்று பிளக்கில் சொருகுகிறார்களே, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மருந்து அடிக்க யாரைக் கூப்பிட்டாலும், மறுமுறை எப்போது வருவீர்கள் என்று கேளுங்கள். பல மருந்துகள் முட்டையைத் தொடாது. அது பொரிந்து, குஞ்சுகள் பெரிதாகி முட்டையிடும் முன் இரண்டாம் முறை அடிக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரம். ஒரே தடவையில் முடித்துவிடுவேன் என்று மருந்தை மட்டும் நம்பிச் சொல்கிறவரை நான் கூப்பிட மாட்டேன். அடுத்து, பக்கத்து வீடுகளைப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள்.

* * *

நான் இந்தக் கதையில் வில்லன் பக்கம். வீடு வாடகைக்கு விடுகிறவன்.

முதலில் எழுதிய அம்மா சொன்னது சரி, யார் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் எங்கள் பக்கமும் ஒரு பயம் இருக்கிறது. ஒரு வீட்டில் பூச்சி என்று பேச்சுப் பரவினால் மற்றவர்களும் காலி செய்வார்களே என்று. குடியிருப்பவருக்கோ முன்பணத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயம். இப்படி இரண்டு பக்கமும் மூடி மூடி வைத்ததில் எங்கள் கட்டடத்தில் ஒரு தளமே போனது. இப்போதெல்லாம் யாராவது வந்து சொன்னால் நான் காரணம் கேட்பதில்லை. அந்த வீடு, இடது, வலது, மேலே, கீழே எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் தெரிந்தால் ஓர் அறையோடு போகும்; கணக்குப் பார்த்தாலும் எனக்கு அதுதான் லாபம். குழாய், ஒயர் நுழையும் ஓட்டைகளையும் பூசி அடைத்தாயிற்று.

குடியிருப்பவர்களிடம் ஒரு குறை மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆள் அனுப்பினால் "இன்று முடியாது, அலமாரி காலி செய்யவில்லை" என்று தள்ளிப்போடுகிறார்கள். இன்னொருவர் பூச்சியுள்ள சோபாவை ராத்திரியோடு ராத்திரியாகப் படிக்கட்டின் கீழே கொண்டுபோய்ப் போட்டார். நல்ல சோபாவாக இருக்கிறதே என்று மூன்றாம் மாடிக்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்! போட்டே ஆக வேண்டும் என்றால் கிழித்து, மேலே "மூட்டைப்பூச்சி" என்று பெரிதாக எழுதிப் போடுங்கள்.

* * *

துணிக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. சின்னக் குழந்தை இருக்கும் வீடு எங்களுடையது, மருந்தைவிட இதில்தான் என் நேரம் போனது. 60 டிகிரியில் துவைத்தால் சாகும். துவைக்காமலேயே ட்ரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டாலும் சாகும். திணித்து நிரப்பக் கூடாது. சூடு ஆகாத பொம்மை, புத்தகத்துக்கு ஃப்ரீசர். உள்ளே மைனஸ் 18 டிகிரி இருந்து, நான்கு நாள் முழுதாக வைத்தால்தான் பலன். கறுப்புப் பையில் கட்டி வெயிலில் போடச் சொல்வார்கள். பையின் நடுவில் போதுமான சூடு ஏறாது, பூச்சி அங்கே ஒதுங்கிக்கொள்ளும். சுத்தமான துணியை உடனே வேறு பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அலமாரிக்குத் திரும்ப வைத்தால் உழைப்பெல்லாம் போச்சு.

வீடு மாறிவிடலாம் என்று என் மாமியார் சொன்னார். சாமானோடு அதுவும் மாறும் அத்தை என்றேன்.

இன்னொன்று. மனிதர்களுக்கு இது நோய் எதையும் பரப்புவதாக இதுவரை நிரூபணமாகவில்லை. குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று தூங்காமல் கிடந்த எனக்கு அது பெரிய ஆறுதல். சொறிந்து புண்ணாகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் மருத்துவர். பூச்சி போன பிறகும் எனக்கு ராத்திரியில் உடம்பில் ஏதோ ஊர்வதுபோலவே இருந்தது. இது எனக்கு மட்டும்தானா?

* * *

இல்லவே இல்லை. எனக்கும் இருந்தது. ஒரு நூல் உரசினாலும் எழுந்து லைட்டைப் போடுவேன். பொறியைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தால்தான் மறுபடி தூக்கம். (முதலில் எழுதியவள்தான்.)

போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது என்று தனியாகச் சிலர் கேட்டார்கள். கடி நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். என்னைப் போல் தடிப்பே வராதவர் இருக்கும் வீட்டில் அது செல்லாது. கிண்ணப் பொறியை வாராவாரம் பாருங்கள். இரண்டு மாதமாவது ஒன்றும் விழாமல், புதுப் புள்ளியும் இல்லாமல் இருந்தால் நம்பலாம். பொறியின் வெளிப்பக்கம் சொரசொரப்பாக, உள்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். தூசி படிந்தால் ஏறிவிடும், துடைத்து வையுங்கள். வெப்பமான நாடுகளில் காணப்படும் இனம் வழவழப்பிலும் ஓரளவு ஏறக்கூடியது. அதற்கு உள்பக்கம் லேசாக டால்க் பவுடர் தடவலாம்.

மெத்தையைத் தூக்கிப் போட வேண்டுமா என்ற கேள்விக்கு: நாங்கள் போடவில்லை. மெத்தை முழுவதையும் மூடும் ஜிப் உறை போட்டோம். உள்ளே மாட்டிக்கொண்டது வெளியே வர முடியாது, பட்டினியில் சாகும். ஆனால் ஒரு வருடம் கழற்றக் கூடாது. கிழிசல் வந்தால் அன்றே ஒட்டிவிட வேண்டும், ஜிப் முனையில் டேப் போட மறக்காதீர்கள்.