மறு: 'முன்சிறகு' வேண்டாம், 'தூவியிழை' என்று வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் உடலில் காணப்படும் இறகின் ஆதிவடிவத்துக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் 'முன்சிறகு' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை. முன்சிறகு என்றால் பூச்சியின் முன்னிணைச் சிறகு என்றே படிப்பவர் கொள்வார். இந்த விலங்குக்கோ சிறகே கிடையாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், அதில் பாதிக்கு மேல் வால், குட்டைக் கைகள். தரையில் ஓடி இரை பிடித்த சின்ன ஊனுண்ணி அது. ஒரு புதைபடிவ மாதிரியின் வயிற்றுப் பகுதியில் பல்லியின் எலும்புகள் இன்னும் இருக்கின்றன.

பாறையில் தெரிவதை வைத்துப் பெயரிடுவோமே. 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்த முதல் மாதிரியில், கழுத்தின் பின்புறமும் முதுகும் வாலும் கருமையாக விளிம்பு கட்டியிருக்கின்றன. உற்றுப் பார்த்தால் அந்த விளிம்பு முழுவதும் நெருக்கமான, மெல்லிய இழைகள். காக்கை இறகில் காண்பது போல் நடுத்தண்டும், அதன் இருபுறமும் வரிசையாகக் கிளைக்கும் கீற்றுகளும் அங்கே இல்லை. எனவே 'இழை' சொல்லுக்குள் வந்தே ஆக வேண்டும். 'தொல்லிறகு' சரிவராது; ஆதிப்பறவையான ஆர்க்கியாப்டெரிக்ஸின் முழுமையான இறகும் தொல்லிறகுதான்.

வெறும் 'இழை' என்று நடுநிலையாக விட்டுவிடலாம் என்ற கருத்தையும் படித்தேன். இவை இறகே அல்ல, தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள் என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டது உண்மை. ஆனால் 2010இல் இந்த இழைகளுக்குள் மெலனோசோம்கள், அதாவது நிறமி தாங்கும் நுண்பைகள், இருப்பதாக ஆய்வு வெளியானது. வாலில் செம்பழுப்பும் வெளிர்நிறமும் பட்டை பட்டையாக மாறி மாறி இருந்தன என்றுகூட அதிலிருந்து கணித்தார்கள். கொலாஜன் நாருக்குள் நிறமி நுண்பைகளுக்கு என்ன வேலை? இறகோடு உள்ள உறவைச் சொல்லாமல் விடுவது இனி நடுநிலை ஆகாது.

அந்த உறவைச் சொல்ல நம்மிடம் 'தூவி' இருக்கிறது. சங்கப் பாடல்களில் படுக்கைக்கு இட்ட அன்னத்தூவி, பறக்க உதவும் இறகன்று. உடலைப் போர்த்தும் மென்மயிர். சைனோசாரோப்டெரிக்ஸின் போர்வையும் அத்தகையதே. உடல் வெப்பத்தைக் காக்க உதவியிருக்கும் என்பதே பரவலான கருத்து.

ஆகவே என் முன்மொழிவு: தூவியிழை. 'தூவியிழைப் போர்வை', 'தூவியிழைத் தடம்', 'தூவியிழை கொண்ட டைனோசர்' எனத் தொடர்களில் தடையின்றி அமர்கிறது. மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் 'முன்சிறகு' இருக்கும் இடத்தில் இதைச் சேர்த்துவிடுங்கள்.