புதுப்பிப்பு: அடையாள அட்டை மாற்றியாயிற்று

திருநங்கையான நான், பெயரையும் பாலினத்தையும் மாற்ற யாழ்ப்பாணத்தில் எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

"முதலில் மனநல வைத்திய நிபுணரைப் பாருங்கோ" என்று இங்கே பதில் தந்த ஓர் அக்கா சொன்ன யோசனைதான் சரிவந்தது. 2016 முதல் நடைமுறையிலுள்ள பாலின அங்கீகாரச் சான்றிதழைப் பெற்று, பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அப்புறம் அட்டைக்கு விண்ணப்பித்தேன்.

எதிர்பாராதது: அட்டை இலக்கமே மாறியது. பிறந்தது ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண் அந்த இலக்கத்துக்குள் இருக்கும்; பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். வங்கிப் புத்தகத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

ஒரு கந்தோரில் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவே முடியவில்லை. தயவுசெய்து துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

அண்ணா இன்னும் கதைப்பதில்லை. அம்மா, நல்லூர்க் கோயிலுக்குப் புறப்படும்போது என் தலையில் மல்லிகை வைத்து, "நேரமாகுது, வா பிள்ளை" என்றார். முன்பெல்லாம் தம்பி என்பார்.