புதுப்பிப்பு: தம்பி ராணுவ அதிகாரி ஆக முடியுமா?

சிப்பாயாகச் சேர்ந்து அடுத்த பதவியான லான்ஸ் நாயக் ஆகியிருக்கும் என் தம்பி, வெறும் பிளஸ் டூ படிப்போடு அதிகாரி ஆக முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "பட்டம் இல்லாமல் நடக்காது" என்றவர்களே, நடக்கும். பணியிலிருக்கும் வீரர்களை அதிகாரிகளாக்கப் பயிற்சி தரும் டேராடூன் ராணுவ கேடட் கல்லூரிக்கான எழுத்துத் தேர்விலும், பிறகு எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் தேர்விலும் தேறிவிட்டான். அந்த வாரியத் தேர்வில் பலகை, கயிறு, பீப்பாயைக் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொன்னபோது உற்சாகமாக இருந்தானாம். குழு விவாதத்தின் ஆங்கிலத்தில்தான் நாக்கு உலர்ந்துவிட்டதாம். இனி கல்லூரியில் 3 ஆண்டுகள், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம், அடுத்து இந்திய ராணுவ அகாடமியில் 1 ஆண்டு. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் வயதைக் கவனியுங்கள்: 20 முதல் 27 வரை, குறைந்தது 2 ஆண்டுப் பணியும் வேண்டும். மருத்துவப் பரிசோதனை இன்னும் பாக்கி. அதற்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.