பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்ட் பொருந்துமா? நிறுவும் முன் எங்கே, எப்படிப் பார்ப்பது?

வானம்பாடி:
வணக்கம். என் மடிக்கணினியில் இருப்பது ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ3, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்தச் செயலிக்கு விண்டோஸ் 11 கிடையாது. அதனால் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம் என்று பார்க்கிறேன். மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் ஒருவர் வைஃபை உடனே வந்தது என்கிறார், இன்னொருவர் வரவே இல்லை என்கிறார். இருவரிடமும் இருப்பது அதே மாடல்! யாரை நம்புவது? என் படிப்புக் கோப்புகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன, அவசரப்பட மனமில்லை.

தேனீ:
இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு வைஃபை கார்டுகள் வருவது சாதாரணம். எனவே மாடல் பெயரை விடுங்கள், கார்டின் அடையாள எண்ணைத் தேடுங்கள். அதை விண்டோஸிலேயே பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டீடெயில்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடிஸைத் தேர்ந்தெடுங்கள். 'வென்' என்பதற்குப் பின் வரும் நான்கு இலக்கம் தயாரிப்பாளருடையது, 'டெவ்' என்பதற்குப் பின் வரும் நான்கு அந்தச் சில்லுடையது. தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். பெரும்பாலும் கவலையில்லை, டிரைவர் கர்னலோடே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியோடே, வருகிறது.

அந்த எட்டு இலக்கத்தையும் லினக்ஸ் ஹார்டுவேர் தளத்தில் போட்டால், அதே சில்லு வைத்திருப்பவர்கள் அனுப்பிய சோதனை முடிவுகள் கிடைக்கும். அப்புறம் எண்ணை இங்கேயும் போடுங்கள்.

வானம்பாடி:
வென் 14இ4, டெவ் 4365. இன்டெல் இல்லை போலிருக்கிறதே?

தேனீ:
இது பிராட்காம் பிசிஎம்43142. வேலை செய்யும், ஆனால் தானாக அல்ல. கர்னலில் உள்ள திறந்த மூல டிரைவர்கள் இந்தச் சில்லைக் கையாள்வதில்லை. 'டபிள்யூஎல்' என்ற தனி டிரைவர் வேண்டும். மின்ட்டின் டிரைவர் மேனேஜரே அதைக் காட்டும், ஆனால் இறக்க இணையம் வேண்டுமே! கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்கினால் போதும்.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் ஏற்கும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் இன்னொரு படி உண்டு. டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத் திரை வரும். அங்கே 'என்ரோல் மோக்' (டிரைவரின் சாவியைப் பதிவுசெய்வது) என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையில் இதைச் செய்யாமல் விட்டுவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டும் வைஃபை வராது. "வரவே இல்லை" என்று எழுதுபவர்களில் பலர் நின்றுபோகும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கருவேலம்:
தேனீ சொன்னதோடு ஒன்று: பதில் எந்த ஆண்டுக்கானது, எந்தப் பதிப்புக்கானது என்று பார்க்காமல் கட்டளையை ஒட்டாதீர்கள். மின்ட் 22-இன் அடித்தளம் உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ், எனவே அதற்கு எழுதிய பதில்கள் பெரும்பாலும் உங்களுக்கும் பொருந்தும். 2014-இல் எழுதிய பதில் அன்றைக்குச் சரியாகவே இருந்தாலும் இன்று கெடுதல் செய்யலாம். ஆர்ச் என்ற வேறொரு லினக்ஸின் உதவித் தளமான ஆர்ச் விக்கியையும் படியுங்கள். நிறுவும் கட்டளை மாறுபடும், ஆனால் காரணத்தை அதுபோல விளக்கும் இடம் குறைவு.

முக்கியமாக, முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். பிறகு மின்ட்டை வட்டில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பாருங்கள். ஒலி, கேமரா, டச்பேட், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பது வரை நிறுவாமலே தெரிந்துவிடும்.

வானம்பாடி:
இருவருக்கும் மிக்க நன்றி. கோப்புகளை நகலெடுத்துவிட்டு லைவில் பார்த்தேன். டெதரிங் வழியாக டிரைவர் மேனேஜர் திறந்ததும் பிராட்காம் பட்டியலில் வந்தது, மற்றவை எல்லாம் சரி. பிரிண்டருக்கும் புளூடூத்துக்கும் என்ன பார்க்க வேண்டும்?

கருவேலம்:
பிரிண்டர் ஏர்பிரின்ட் (ஆப்பிளின் கம்பியில்லா அச்சு முறை) ஏற்குமானால் பெரும்பாலும் தனி டிரைவரே தேவைப்படாது. பழைய மாடல் என்றால் ஓப்பன்பிரின்டிங் தளத்தின் பட்டியலில் தேடுங்கள்.

தேனீ:
புளூடூத் இதே சில்லில்தான் இருக்கிறது, ஆனால் அதற்குத் தனியே ஒரு ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது சில்லுக்குள் ஏற்றும் மென்பொருள், கேட்கும். கர்னலின் பதிவுச் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையின் வெளியீட்டில் 'பேட்ச் ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்ற வரி வந்தால், எந்தக் கோப்பைத் தேடியது என்ற பெயரும் பக்கத்திலேயே இருக்கும். அந்தப் பெயரை அப்படியே நகலெடுத்து இங்கே ஒட்டுங்கள், பார்ப்போம்.