ஷாசி ஒரு கம்பெனி, பாடி ஒரு பட்டறை: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்கச் சொகுசுக் கார்களில் கண்டவை

இந்த வண்டிகளைச் சீரமைப்பதில் ஆளுக்கொரு வேலை பார்ப்பவர்கள் மாறி மாறிப் பேசுகிறார்கள்.

எண்கள் பார்ப்பவர்:

டூசன்பர்க், பேக்கார்ட், லிங்கன், காடிலாக் என்று 1930-ஐ ஒட்டிய பெரிய வண்டிகள் பலவற்றுக்கு இரண்டு பிறப்பு உண்டு. டூசன்பர்க் மாடல் ஜே 1928 டிசம்பரில் நியூயார்க் கண்காட்சியில் வெளிவந்தபோது இண்டியானாபொலிஸ் தொழிற்சாலை விலை சொன்னது ஷாசிக்கு (சட்டம், எஞ்சின், சக்கரம் சேர்ந்த அடிப்பகுதி) மட்டும்தான்: 8,500 டாலர், பிறகு 9,500. எஞ்சினை பென்சில்வேனியாவின் லைகோமிங் செய்து கொடுத்தது. மேலே உட்காரும் பாடியைக் கட்டுவது வேறொருவர் வேலை. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் மர்ஃபி, நியூயார்க்கில் ரோல்ஸ்டன், யுடிகாவில் வில்லோபி, மசாசூசெட்ஸில் ஜட்கின்ஸ், பென்சில்வேனியாவில் டெர்ஹாம் என்று பட்டறைகள் இருந்தன. மொத்தமே 480 சொச்சம் ஜே வண்டிகள். அவற்றில் மர்ஃபியின் கைதான் அதிகம்.

பாடி போல்ட்டைக் கழற்றினால் தனியாக வந்துவிடும் என்பதால் இடமாற்றம் சகஜமாக நடந்தது. 1930-களிலேயே விற்பனைக் கிளைகள் பழைய பாடியைப் புதுப்பித்து வேறு ஷாசியில் ஏற்றி விற்றன. அது அந்தக் காலத்து வியாபாரம், அதை மோசடி என்று சொல்லக் கூடாது. பிற்காலத்தில் செடான் பாடியை எறிந்துவிட்டுத் திறந்த பாடி ஒன்றைப் புதிதாகச் செய்து ஏற்றியதுதான் கவலைக்குரியது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எண்களை வரிசையாக எடுக்க வேண்டும்.

டூசன்பர்க்கில் எஞ்சின் எண் ஜே-101-இல் தொடங்குகிறது, ஷாசி எண்கள் 2100-களில். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இணைந்து ஓடுவதில்லை. எனவே எண்களுக்கு இடையிலான வித்தியாசம் கூடக்குறைய இருந்தாலே எஞ்சின் மாறியது என்று முடிவு கட்டக் கூடாது. எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகட்டின் பட்டயம் (எண் பொறித்த சின்னத் தகடு), எஞ்சின் கூட்டில் அடித்த எண், ஷாசி சட்டத்தில் அடித்த எண் மூன்றையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். பட்டயத்தின் ஆணிகளையும் எடுங்கள். புது ஆணி, பழைய பட்டயம் என்றால் ஒரு கேள்வி பிறக்கிறது.

பேக்கார்ட் இந்த விஷயத்தில் தாராளம். தடுப்புத் தகட்டில் உள்ள பட்டயத்தில் வண்டி எண்ணோடு விற்ற டீலர் பெயர், ஊர், ஒப்படைத்த தேதி எல்லாம் அடித்திருப்பார்கள். காடிலாக்கில், அதற்குப் பாடி கட்டிய ஃப்ளீட்வுட்டின் பட்டயத்தில் ஸ்டைல் எண்ணும் அந்த ஸ்டைலில் அது எத்தனையாவது பாடி என்பதும் இருக்கும். 1930–31 வி-16 (பதினாறு சிலிண்டர் வண்டி) பாடிகளின் ஸ்டைல் எண் பெரும்பாலும் 4-இல் தொடங்கும் நான்கு இலக்கம். வேறு இலக்கத்தில் தொடங்கும் ஃப்ளீட்வுட் பாடி ஒன்று வி-16 ஷாசியில் உட்கார்ந்திருந்தால், அது எப்போது ஏறியது என்று தேட வேண்டும்.

மரமும் தகடும்:

பட்டயத்தை விட மரம் உண்மை பேசும். ஒரு பட்டறையில் ஒரே சமயத்தில் பல பாடிகள் கட்டப்பட்டதால், துண்டுகள் கலந்துவிடாமல் இருக்க பாடி எண்ணை ஒவ்வொன்றிலும் போட்டு வைத்தார்கள். தரைப் பலகையின் அடிப்பக்கம், ஜன்னலைச் சுற்றிய மரச்சட்டத்தின் பின்புறம், சீட் சட்டம், பானெட் கீல் எல்லாவற்றையும் பாருங்கள். அடித்த எண்ணாகவும் இருக்கலாம், பென்சிலாகவோ சாக்கட்டியாகவோ இருக்கலாம். அதனால் உள்பக்க மரத்தைச் சுரண்டுவதற்கும் கழுவுவதற்கும் முன் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். நல்ல எண்ணத்தோடு தேய்த்துச் சுத்தம் செய்தே எத்தனையோ எண்கள் போய்விட்டன.

திருகாணிகளும் சாட்சி. நேர்வெட்டுத் தலை ஸ்க்ரூதான் அந்தக் கால வழக்கம். ஸ்டார் ஸ்க்ரூவை கார் தொழிலில் முதலில் எடுத்துக்கொண்டது 1936-இல் காடிலாக். 1931 பாடியின் கதவுத் தூணில் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் அந்த இடம் ஒருமுறை திறக்கப்பட்டிருக்கிறது.

கட்டுமானம் இப்படி: ஆஷ் மரத்தில் எலும்புக்கூடு, கழுந்தும் துளையுமாகவோ பாதிக்குப் பாதி வெட்டியோ பொருத்தி, வஜ்ஜிரப் பசை பூசி, ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். அதன் மேல் கையால் அடித்து வளைத்த அலுமினியத் தகடு. தகட்டின் ஓரத்தை மரத்தின் மேல் மடித்துச் சின்ன ஆணி அடித்து, ஆணி வரிசையைப் பட்டையால் மூடிவிடுவார்கள். மட்கார்டு பெரும்பாலும் இரும்பு. ஆகவே ஒரு காந்தம் போதும். கதவிலும் பின்பக்கத்திலும் ஒட்டாமல், மட்கார்டில் ஒட்ட வேண்டும். கதவின் கீழ்ப்பாதியில் மட்டும் ஒட்டினால் யாரோ இரும்புத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், அங்கே பெயின்ட் கொப்பளிக்கும்.

ஈயம் உருக்கிப் பள்ளம் நிரப்பும் வேலை இரும்புத் தகட்டில்தான் நடக்கும், அலுமினியத்தில் சாதாரணமாக ஒட்டாது. பழைய ஆட்கள் அலுமினியத்தைச் சுத்தியலாலும் அரத்தாலுமே சமன் செய்தார்கள். விரல் கனத்துக்குப் பட்டிப் பூச்சு இருந்தால் அது பிற்கால வேலை.

மரம் இற்றுப்போவது ஒரு வரிசையில் நடக்கும். கதவின் அடிச்சட்டம் முதலில், அதில் தண்ணீர் வடியும் துளை தூசியால் அடைபடுவதால். அடுத்து கதவுத் தூண்களின் கால், பிறகு அடிவிட்டத்தின் (பாடியின் அடியில் நீளவாக்கில் ஓடும் மரம்) இரு முனைகள். கடைசியாகக் கண்ணாடிக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டம். மூடிய பாடியில் இந்தக் கடைசி இடம்தான் மோசமாக ஏமாற்றும். 1930-களின் நடுப்பகுதி வரை கூரையின் நடுப்பகுதி தகடு கிடையாது. மரப் பட்டிகள், கம்பி வலை, பஞ்சு, அதன் மேல் தோல் போன்ற துணி, ஓரத்தில் ஆணி. துணி விறைத்து வெடித்ததும் ஆணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே சட்டம் உளுத்துவிடும். மெல்லிய ஊசியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தத் துண்டு முடிந்தது.

வேலையைத் தொடங்கும் முறை பற்றிப் பலரும் தவறு செய்கிறார்கள். கதவைக் கழற்றுவது முதல் வேலை அல்ல. கதவுகள் மூடிய நிலையில் எல்லா இடைவெளியையும் அளந்து எழுதுங்கள், ஒரு கதவுக்கு எட்டு இடங்களிலாவது. பிறகு தூணுக்குத் தூண் இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். அதன் பிறகே கதவைத் தொட வேண்டும். இற்றுப்போன மரத்தைத் தகடுதான் தாங்கிக்கொண்டிருக்கும். கட்டாமல் தூக்கினால் பாடி வாழைப்பழம் போல வளைந்துவிடும், திரும்பக் கொண்டுவர அளவு எதுவும் கையில் இருக்காது.

பொடியான துண்டையும் எறியாதீர்கள். அதுதான் புதுத் துண்டுக்கு அச்சு. நொறுங்கும் நிலையில் இருந்தால் எபாக்சி ஊற்றி இறுகவைத்து அளவெடுக்கலாம். பாரம் தாங்கும் இடத்தில் எபாக்சி ஊறிய பழைய மரத்தையே திரும்ப வைப்பது சரி வராது. புது ஆஷ் மரம் 8 முதல் 12 சதவீத ஈரத்தில் இருக்க வேண்டும். பச்சையாக வைத்தால் ஆறு மாதத்தில் மூட்டு வாய் திறக்கும்.

ஆணியைப் பிடுங்கி மடிப்பை நிமிர்த்தும்போது அலுமினியம் விரிசல் விடும். அடிபட்டு இறுகிய உலோகம் அது. பதமாக்கித்தான் வளைக்க வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆனால் இரும்பு போலச் சிவந்து காட்டாது. எனவே சோப்பைத் தேய்த்துவிட்டு மெல்லிய சுடர் காட்டுங்கள். சோப்பு கரும்பழுப்பானதும் நிறுத்துங்கள். ஒரு நொடி தாமதித்தால் ஓட்டை. பழைய கேஸ் வெல்டிங் இருந்த இடத்தில் ஃப்ளக்ஸ் (பற்றவைக்கப் பூசும் பொடி) மிச்சம் இருந்தால் எவ்வளவு நல்ல பெயின்டையும் அது கீழிருந்து தின்னும். சுடுநீரில் பிரஷ் போட்டு இருபுறமும் கழுவுவது கட்டாயம்.

எஞ்சின் பக்கத்திலிருந்து:

இந்த வண்டிகளை அலங்காரப் பொருளாகவே பார்க்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஜே எஞ்சின் நேர்வரிசை எட்டு சிலிண்டர், 420 கன அங்குலம், தலையில் இரண்டு கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டு), சிலிண்டருக்கு நான்கு வால்வு, கம்பெனி சொன்ன சக்தி 265 குதிரை. 1932-இல் சூப்பர்சார்ஜர் வைத்த எஸ்ஜே வந்தபோது 320. இன்றைக்கும் மரியாதையோடு பேச வேண்டிய எண்கள்.

பிரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கிராங்க்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) முதல், இரண்டாவது சிலிண்டருக்கு நடுவே இரண்டு உருளைகள் போல்ட் போட்டிருக்கும். அதிர்வை அடக்குவதற்காக. உள்ளே 94 சதவீதம் பாதரசம். இதைக் கழற்றாமல் கிராங்க்கைச் சூடான கழுவுத் தொட்டியில் இறக்கக் கூடாது. ஜேயின் கனெக்டிங் ராடுகள் அலுமினியம். தொண்ணூறு வருடம் அழுத்தம் வாங்கிய அலுமினிய ராடைச் சோதிக்காமல் திரும்பப் போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவது எஞ்சின் கூட்டையே பணயம் வைப்பது. கூடு உடைந்தால் மேலே சொன்ன எண்ணும் அதோடு போகும்.

காடிலாக் வி-16-இல் (452 கன அங்குலம், 45 டிகிரி) இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட இரண்டு தனி எட்டு சிலிண்டர் எஞ்சின்கள். பக்கத்துக்கு ஒரு கார்ப்பரேட்டர். தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில் எட்டு முனைக் கேமும், அது தள்ளித் திறக்கும் இரண்டு பாயின்ட்டும் (மின்சாரத்தைத் துண்டிக்கும் முனை). ஒரு பாயின்ட் திறந்து சரியாக 22.5 டிகிரியில் அடுத்தது திறக்க வேண்டும். ஒரு டிகிரி தவறினாலும் அது கிராங்க்கில் இரண்டு டிகிரி. ஒரு பக்கம் முந்தும், மறு பக்கம் சூடாகும். முதலில் பாயின்ட், அடுத்து தீப்பொறி நேரம், அதன் பிறகே வேக்குவம் கேஜ் வைத்து இரு கார்ப்பரேட்டரையும் சமன் செய்யுங்கள். வரிசையை மாற்றினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். வால்வுச் சத்தத்தை எண்ணெய் அழுத்தத்தால் அடக்கும் அமைப்பு இதில் உண்டு. நிறுத்தி வைத்த வண்டியில் கசடு அடைத்து டக் டக் என்று கேட்டால் இடைவெளியை மாற்ற ஓடாதீர்கள், முதலில் எண்ணெய் வழியைச் சுத்தம் செய்யுங்கள்.

துத்தநாக வார்ப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். கார்ப்பரேட்டர் கூடு, கதவுக் கைப்பிடி, விளக்குத் தாங்கி போன்றவற்றில் அந்தக் கால துத்தநாகத்தில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே வீங்கி, நூல் விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட் போல உடையும். இதற்கு மருந்து கிடையாது, குரோம் பூசினாலும் மேல் பூச்சு சில மாதத்தில் தூக்கிக்கொள்ளும். வீங்கிய உருப்படியை அச்சாக வைத்து வார்த்தால் அளவு தப்பும் என்பதையும் கணக்கில் வைத்து, பித்தளையில் புதிதாக வார்ப்பதே வழி.

எண்கள் பார்ப்பவர்:

ஷாசி எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே இடத்திலிருந்து குழாய் வழியாக ஷாசி மூட்டுகளுக்கு எண்ணெய் அனுப்புவது பிஜூர் முறை. டூசன்பர்க்கில் அது தானாக இயங்கும். பேக்கார்டில் டாஷ்போர்டுக் கைப்பிடியை இழுக்க வேண்டும். டூசன்பர்க் டாஷ்போர்டில் 700 மைலுக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றவும், 1,400 மைலுக்கு ஒருமுறை பேட்டரித் தண்ணீர் பார்க்கவும் விளக்கு எரியும். அந்த விளக்கைச் சரிசெய்துவிட்டு பிஜூர் குழாயை மறந்துவிடுகிறார்கள்.

எஞ்சின் பக்கத்திலிருந்து:

உண்மை. ஒவ்வொரு இடத்திலும் உள்ள சொட்டு அளவி வேறு வேறு அளவுக்குச் செய்தது. இடம் மாற்றிப் போட்டால் ஒரு ஷாக்கிள் (ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) எண்ணெயில் குளிக்கும், இன்னொன்று காய்ந்து தேயும். கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் சீட்டு கட்டுங்கள். அடைத்ததைக் கழுவிப் பிழைக்கவைக்க முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மெத்தை வேலை:

டவுன் கார் வகையில் முன்னால் தோல், பின்னால் கம்பளித் துணி என்றுதான் இருக்கும். ஓட்டுநர் இருக்கை மழை வெயிலுக்குத் திறந்தது, அதனால் தோல். முதலாளி உட்காரும் இடத்தில் சத்தம் போடாத, வழுக்காத கம்பளி. பின்னாலும் பளபளக்கும் தோல் போட்டிருந்தால் அது பிற்காலத்தில் வந்த ஆசை. பழைய துணியைக் கிழிக்கும்போது மடிப்புக்குள் ஒரு கையகலத் துண்டாவது எடுத்து வையுங்கள். வெயில் படாத அந்த இடத்தில்தான் உண்மையான நிறம் இருக்கும். இரும்பு ஸ்பிரிங், குதிரைமயிர், அதன் மேல் பஞ்சு என்ற அடுக்கை நுரை ரப்பரால் மாற்றினால் உட்காரும் உயரம் மாறும், கதவுக் கைதாங்கியும் கண்ணாடி விளிம்பும் தோளுக்குப் பொருந்தாமல் போகும்.

மரமும் தகடும்:

பாடியைத் திரும்ப ஏற்றும்போது இன்னொன்று. ஷாசிச் சட்டத்துக்கும் அடிவிட்டத்துக்கும் இடையில் இருந்த பட்டைகளை, அவை நைந்திருந்தாலும், எந்த போல்ட்டுக்கு எத்தனை கனம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கதவு இடைவெளியைத் தீர்மானிப்பது அந்தக் கனம்தான். எஞ்சின், ரேடியேட்டர், பேட்டரி, பெட்ரோல் டாங்க் எல்லாம் ஏறி, வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசிப் பொருத்தம் பார்க்க வேண்டும். வெறும் ஷாசியில் கச்சிதமாகப் பூட்டிய கதவு, எஞ்சின் பாரம் ஏறியதும் தாழ்ப்பாளில் உரசும். மேலே இடைவெளி விரிந்தால் முன் போல்ட்டில் கனம் கூட்டுங்கள், ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர். போல்ட்டை இறுக்கி, வண்டியைப் பத்தடி தள்ளி, திரும்ப அளந்த பிறகே அடுத்த பட்டை. பெயின்ட் அடிப்பதற்கு முன் இதை முடித்திருக்க வேண்டும்.