மறு: பேஸ்லைன்: அடிக்கோடா, முதற்கோடா?

குழுவினர் அனைவருக்கும் திருகோணமலையிலிருந்து வணக்கம். நாட்டின் கடல் வலயங்களைக் கரையிலிருந்து அளக்கத் தொடங்கும் கோடான "பேஸ்லைன்" (baseline) என்பதற்கு நம் சொல்லாக்கப் பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "அடிக்கோடு" என்றே வைத்துவிடலாமே. சிறிய சொல், எல்லோருக்கும் தெரிந்தது.

தெரிந்திருப்பதுதான் சிக்கல் ஐயா. அடிக்கோடு என்றதும் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லின் கீழே இழுக்கும் கோடுதான் நினைவுக்கு வரும். "அரசு தன் அடிக்கோட்டை அறிவித்தது" என்று செய்தி வந்தால், எந்த வரியின் கீழ் என்று கேட்பார்கள்.

இந்தக் கோட்டுக்கு என்ன வேலை என்று முதலில் பார்ப்போம். நம் இலங்கை அரசியலமைப்பின் 5ஆம் உறுப்புரை நாட்டின் ஆள்புலத்தை, அதாவது அதன் ஆட்சிக்குட்பட்ட பரப்பை, அகலாங்கு நெட்டாங்குகளால் சொல்லவில்லை. நிருவாக மாவட்டங்களையும் ஆள்புல நீர்ப்பரப்பையும் சேர்த்து, இதுதான் நாடு என்கிறது. 1978இல் மாவட்டங்கள் 24. 1983இல் ஏழாம் திருத்தம் கிளிநொச்சியைச் சேர்த்து 25 ஆக்கியது. மாவட்டப் பெயர்களுக்கு அட்டவணை இருக்கிறது. நீர்ப்பரப்பு எங்கே முடிகிறது என்பதற்கு அங்கே விடையில்லை. அதற்கு 1976ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கடல் வலயங்கள் சட்டத்துக்கும், அதன் கீழ் 1977 ஜனவரி 15ஆம் திகதி வந்த பிரகடனத்துக்கும் போக வேண்டும். ஆள்புலக் கடல் 12 கடல் மைல், அடுத்துள்ள வலயம் 24, பொருளாதார வலயம் 200. மூன்றையும் எண்ணத் தொடங்கும் இடந்தான் நாம் பெயர் தேடும் கோடு.

> எல்லைக்கோடு என்பதில் என்ன குறை?

அங்கே எதுவும் முடிவதில்லை என்பதுதான் குறை. கோட்டுக்கு வெளியே 12 கடல் மைல்வரை நாட்டின் இறைமை தொடர்கிறது. எல்லைக்கோடு என்ற பெயரை 1974இலும் 1976இலும் இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்து வரைந்த கோடுகளுக்கு விட்டுவைப்போம். அவை உண்மையாகவே எல்லைகள்.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன "கரைக்கோடு" எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக்குடாவில் அது இடறுகிறது. 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையின்படி, குடாவின் வாய் 24 கடல் மைலுக்கு மேற்படாமல், வாயின் அகலத்தை விட்டமாகக் கொண்டு வரைந்த அரைவட்டத்தைவிடக் குடாவின் பரப்புக் குறையாமல் இருந்தால், வாய்க்குக் குறுக்கே கோடு போடலாம். உள்ளே இருப்பது உள்நீர். கொட்டியாரக்குடாவின் வாய் 24 மைலுக்கு எவ்வளவோ குறைவு. அப்படி ஒரு கோடு போட்டால் அது மூதூர்க் கரையையோ கிண்ணியாக் கரையையோ தொட்டு வளைந்து போகாது. தண்ணீரின் மேல் நேராகப் போகும். கரையே இல்லாத இடத்தில் கரைக்கோடு என்று எப்படிச் சொல்வது?

கோட்டுக்கு உள்ளே, வெளியே என்ற வேறுபாடு வெறும் வரைபடக் கணக்கும் அல்ல. வெளியே, ஆள்புலக் கடலில், பிறநாட்டுக் கப்பலுக்குத் தீங்கின்றிக் கடந்துபோகும் உரிமை உண்டு. உள்நீரில் பொதுவாக அது இல்லை. 1977ஆம் ஆண்டுப் பிரகடனமே பாக்குக்குடாவின் வரலாற்று நீரை உள்நீர் என்றும், மன்னார் வளைகுடாவின் வரலாற்று நீரை ஆள்புலக் கடல் என்றும் பிரித்துவைத்தது. மீன்பிடிச் சண்டையைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர்கள் இரண்டையும் "நம் கடல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

ஆகவே என் முன்மொழிவு: முதற்கோடு. தமிழில் "இங்கே முதல் அங்கே வரை" என்று அளவைத் தொடங்கும் சொல்லே "முதல்"தான்.

> முதற்கோடு என்றால் இரண்டாம் கோடு எது என்று கேட்பார்களே?

கேட்கட்டும். 12இல் ஒன்று, 24இல் ஒன்று, 200இல் ஒன்று இருக்கின்றன. எல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

சொல் கூட்டுச்சொற்களுக்கு இடங்கொடுக்கிறதா என்பதே எனக்குப் பெரிய சோதனை. கடல் வற்றும்போது கரையில் தெரியும் தாழ்ந்த நீர்மட்டத்தைப் பின்பற்றுவது இயல்பு முதற்கோடு. வெட்டுண்ட கரையின் முனைகளை இணைப்பது நேர் முதற்கோடு. மாலைதீவு போன்ற நாடுகள் தம் தீவுத்திரளைச் சுற்றி வரைவது தீவுக்கூட்ட முதற்கோடு. கடல் பெருகும்போதும் அமிழாத தீவுக்கும் தனக்கென ஒரு முதற்கோடு உண்டு. "அளவைத் தொடக்கக் கோடு" என்று வைத்தாலும் பொருளில் பிழையில்லை. ஆனால் அதன் முன்னால் "தீவுக்கூட்ட" என்று சேர்த்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள்.

கடல் வற்றும் மட்டத்துக்குச் சென்னை நண்பர் தந்த "தாழ் ஓதக் கோடு" அங்கே வழங்கட்டும். ஓதம் இறங்குவதையும் ஏறுவதையும் இங்கே பாடநூலும் கடற்தொழிலாளரும் வற்று, பெருக்கு என்கிறார்கள். இயல்பு முதற்கோட்டின் விளக்கத்தில் "வற்றுமட்டக் கோடு" என்றும் சேர்த்து எழுதினால் இரு கரையாரும் புரிந்துகொள்வர். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட இல்லை. ஆயினும் சட்டத்துக்கு அரசு ஏற்றுக்கொண்ட பெரிய அளவு வரைபடத்திலுள்ள கோடே கணக்கு.

குடாவின் வாய்க்குக் குறுக்கே போவதற்கு மட்டும் "மூடுகோடு" வேண்டாம், "வாய்க்கோடு" என்று வைப்போம். குடாவை யாரும் மூடப்போவதில்லை. கப்பல்கள் வந்துபோகத்தான் துறைமுகம் இருக்கிறது. மறுப்பு இருந்தால் சொல்லாக்கப் பட்டியல் பூட்டப்படுமுன் எழுதுங்கள்.