வேக்குவம் டிரம் பாதி நிறைந்ததும் உறிஞ்சல் விழுந்துவிடுகிறது: உதவி தேவை

தரைக்கழுவி:
வணக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்தத் தளங்களைப் பிரஷர் வாஷரால் கழுவிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். கழுவிய நீரை வடிகாலுக்குத் தள்ளக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தார் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். இறக்குமதி இயந்திரம் வாங்கும் வசதி எனக்கு இல்லாததால், ஒரு டிரம்மின் மேல் வேக்குவம் மோட்டார்களைப் பொருத்தி, நீரை உறிஞ்சி எடுக்கும் அமைப்பை நானே செய்திருக்கிறேன். தொடக்கத்தில் நன்றாக உறிஞ்சுகிறது. டிரம் பாதி நிறைந்ததும் உறிஞ்சல் அடியோடு விழுந்துவிடுகிறது. வார இறுதிக்குள் ஒரு வேலையை முடித்துத் தர வேண்டும். காரணம் தெரிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

பட்டறைவாசி:
எத்தனை மோட்டார், எத்தனை வாட்? ஹோஸின் விட்டமும் நீளமும் என்ன? டிரம் இரும்பா, பிளாஸ்டிக்கா? வாஷர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது? இவற்றைச் சொல்லாமல் கேட்டால் சோதிடம்தான் பார்க்க வேண்டும்.

நுரைப்பகை:
எனக்கு ஐயமே இல்லை, நுரைதான் காரணம். சோப்பு கலந்த நீர் டிரம்முக்குள் விழும்போது நுரை மேலே ஏறுகிறது. நீர் மோட்டாரை எட்டாமல் தடுக்கும் மிதவைப் பந்து நீரில்தான் மிதக்கும், நுரையில் மிதக்காது. ஆகவே நுரை அதைக் கடந்து மோட்டாருக்குள் போய்விடுகிறது. சிலிகான் நுரையடக்கி சிறிது ஊற்றிப் பாருங்கள்.

இரண்டங்குலம்:
பெரும்பாலானோர் ஒன்றரை அங்குல ஹோஸைப் போட்டுவிட்டு மோட்டாரைக் குறை சொல்கிறார்கள். இரண்டு அங்குலத்துக்கு மாறினால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகும். முதலில் ஹோஸை மாற்றுங்கள், பிறகு பேசலாம்.

அழுத்தமானி:
ஆளுக்கொரு மருந்து எழுதுகிறீர்கள். நாடி பார்த்தவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியலைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வேக்குவம் மோட்டாருக்குக் காற்றுதான் சுமை. ஹோஸ் அடைத்துக்கொண்டால் சுமை குறைந்து வேகம் கூடும், ஓசை கீச்சென்று உயரும். எங்கோ காற்று தாராளமாக உள்ளே புகுந்தால் சுமை கூடி ஓசை தாழும். தம்பி, உறிஞ்சல் விழும்போது ஓசை உயர்கிறதா, தாழ்கிறதா? அதை மட்டும் சொன்னால் போதும்.

தரைக்கழுவி:
அனைவருக்கும் நன்றி. 1200 வாட் பைபாஸ் மோட்டார்கள் (உறிஞ்சும் காற்று மோட்டார்ச் சுருளில் படாத வகை) இரண்டு. ஒன்றரை அங்குல ஹோஸ், 10 மீட்டர். 200 லிட்டர் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். வாஷர் நிமிடத்துக்கு 15 லிட்டர். சோப்பு மிகக் குறைவாகவே போடுகிறேன். ஐயா, ஓசை தாழ்கிறது. தண்ணீர் பம்ப்பைப் போட்ட பிறகுதான் இப்படி ஆகிறது.

பட்டறைவாசி:
எந்தப் பம்ப்? முதல் பதிவில் பம்ப் என்ற சொல்லே இல்லையே!

தரைக்கழுவி:
டிரம்முக்குள் இருக்கும் பம்ப்தான். நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தால் டிரம் 13 நிமிடத்தில் நிறைந்துவிடும் என்பதால், வேலையை நிறுத்தாமல் நீரை வெளியேற்ற ஏர்கூலர் பம்ப் ஒன்றை அடியில் வைத்து, வெளிக்குழாயில் பால் வால்வு போட்டிருக்கிறேன். டிரம் பாதி நிறைந்ததும் வால்வைத் திறந்து பம்ப்பை இயக்குவேன்.

அழுத்தமானி:
நோய் அங்கேதான் இருக்கிறது. இத்தகைய மோட்டார்கள், வாய் முழுவதும் அடைபட்ட நிலையில், நீரை ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் உயரத்துக்கு உறிஞ்சி ஏற்றக்கூடியவை. ஓடும்போது அதைவிடக் குறைவாக இருக்கும் என்றாலும், டிரம்முக்குள் இருக்கும் பம்ப் வெளியே நீரைத் தள்ள வேண்டுமானால், அந்த உறிஞ்சலை வென்ற பிறகே டிரம்மின் உயரத்தையும் ஏற வேண்டும். ஏர்கூலர் பம்ப்பின் உறையைப் பாருங்கள். அதன் ஹெட், அதாவது நீரை ஏற்றும் உயரம், பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள்தான் இருக்கும். எனவே நீர் வெளியே போகாது. மாறாக, நீங்கள் திறந்துவிட்ட வால்வு வழியாக வெளிக்காற்று பம்ப்பைக் கடந்து டிரம்முக்குள் குமிழியிடும். தேங்கிய நீரை இறைக்கும் அரைக் குதிரைத்திறன் டிவாட்டரிங் பம்ப் ஒன்றும், வெளிக்குழாயில் நீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வு ஒன்றும் போடுங்கள்.

இன்னொன்று. 57 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் அந்த முழு உறிஞ்சலில் ஏறக்குறைய 640 கிலோ எடைக்குச் சமமான விசை இறங்கும். ஹோஸின் முனை தரையோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு நொடியில் பிளாஸ்டிக் டிரம் உள்வாங்கிவிடும். உள்ளே வளையச் சட்டம் கொடுங்கள், அல்லது இரும்பு டிரம்முக்கு மாறி, உறிஞ்சல் அளவு மீறினால் காற்றை உள்ளே விடும் வேக்குவம் ரிலீஃப் வால்வும் வையுங்கள்.

நுரைப்பகை:
இருந்தாலும் நுரையடக்கி போட்டுக்கொள்வது நல்லது.

சாக்குமூட்டை:
இவ்வளவு பாடு எதற்கு? பள்ளமான பக்கத்தில் மணல் நிரப்பிய நீளப் பைகளால் அணை கட்டி, தேங்கும் நீரைப் பம்ப்பால் இறைத்து மழைநீர் வடிகாலில் விட்டால் வேலை முடிந்தது.

பட்டறைவாசி:
அணை கட்டுவது சரிதான். கடைசியாக நிற்கும் சில மில்லிமீட்டர் நீரை மட்டும் வேக்குவத்தால் எடுத்தால் மோட்டாருக்கும் சுமை குறையும். ஆனால் மழைநீர் வடிகால் என்பது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்ச் சேரும் வழி. எஞ்சின் எண்ணெய் கலந்த நீரை அதில் விடுவது 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 24ஆம் பிரிவின் கீழ் வரும்.

சாக்குமூட்டை:
தெருவில் கார் கழுவும் வீட்டாரையெல்லாம் யார் பிடிக்கிறார்கள்? அப்படியானால் பாதாளச் சாக்கடையில் விட்டுவிடலாமே.

பட்டறைவாசி:
அதற்கும் வரம்பு உண்டு. எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு ஆற்றில் விடும் நீரில் 10 மில்லிகிராம், பொதுச் சாக்கடையில் விடும் நீரில் 20 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். மேலும் பிரஷர் வாஷரின் உயரழுத்தத்தில் சோப்போடு கலக்கப்பட்ட எண்ணெய், தொட்டியில் நிறுத்திவைத்தாலும் எளிதில் மேலே பிரிந்து மிதக்காது. எண்ணெய்க் கறையுள்ள இடத்தை முதலில் மரத்தூள் போட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு கழுவுவதே மலிவான வழி.

இரண்டங்குலம்:
எல்லாம் சரி. ஹோஸை மாற்றச் சொன்னேனே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மேலும், ஈரத்தளத்தில் 2400 வாட் ஓட்டுகிறீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா?

தரைக்கழுவி:
பம்ப்பை மாற்றி, என்.ஆர்.வி.யும் போட்டுவிட்டேன். நீர் வெளியேறுகிறது, உறிஞ்சலும் விழவில்லை. நன்றி. மற்றவற்றுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.

அழுத்தமானி:
உறிஞ்சும் முனைக்கும் டிரம்முக்கும் இடையில் ஒரு சல்லடைக் கூடை வையுங்கள் தம்பி. தலைமுடியும் சருகும் என்.ஆர்.வி.யின் மடலில் சிக்கினால் அது முழுதாக மூடாது. மறுபடியும் காற்று உள்ளே வரும்.